கடலிற் பேசுங் கருவியும் கரையிற் கேட்குஞ் செவியும்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் இலக்கியப் பொருளொன்றனையே எதிர்பார்த்திருத்தல் வேண்டும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, சிறு பாய்த்தோணி ஒன்றுக்கு ஏற்ற கடல் வானொலிக் கருவியைத் தெரிந்தெடுக்கும் வகையாகும். பயிற்றப்பட்ட தமிழாசிரியர்க்கும் வானொலிக் கருவிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் முறுவலிக்கலாம். நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவருட் பலர் வாவியையும் கடலையும் நம்பி வாழுங் குடும்பங்களிற் பிறந்தவர். விடியுமுன் தந்தையோடு வலை இழுத்துவிட்டு முதற் பாடவேளைக்கு ஓடி வருபவரும் அவருள் உளர். அவர்தம் இல்லங்களில் ஓர் உயிரைக் காக்கவல்ல பொருளைப்பற்றி எழுதுதல் ஆசிரியப் பணிக்குப் புறம்பானதன்று என்பது எம் துணிபு. அன்றியும், இக்கருவியைத் தேடிய முயற்சியில் யாம் ஈற்றிற் கண்ட உண்மை மின்னியலை மட்டும் சார்ந்ததன்று. பேசுதல், கேட்டல் என்னும் இரண்டனையும் சார்ந்தது. அவை எம் துறைக்கு உரியனவே.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மட்டை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் அது கடலொடு கலக்கின்றது. வாவிக்குள் நிற்கும்வரை தோணிக்காரனுக்கு இருபுறமும் கரை உண்டு. கம்பு ஊன்றினால் நிலந் தட்டும் இடங்களும் பல உண்டு. முகத்துவாரத்தைக் கடந்தபின்னரோ நிலைமை வேறாகும். மாரியில் வாடைக்காற்று அலையை எழுப்பும். நீரோட்டம் தெற்கு நோக்கி ஈர்க்கும். கோடையிற் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசித் தோணியைக் கரையினின்றும் அகற்றிக்கொண்டு போகும். முகத்துவாரத்தருகே 1913 ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற வெளிச்சவீடு தோணிக்காரனுக்குக் கரையைக் காட்டும். தோணிக்காரனைக் கரைக்குக் காட்டாது.

எம் தமையனார் கடற்றொழில் செய்தவர். 2014 ஆம் ஆண்டு மார்கழி மாதத்து மாலையொன்றில், முகத்துவாரத்துக்கு வெளியே அவர்தம் தோணியின் இயந்திரம் நின்றது. துணைக்கென விரித்த பாயின் மரமும் காற்றில் முறிந்தது. மடியிலிருந்த கைத்தொலைபேசி உப்புநீர் பட்டு அணைந்தது. நள்ளிரவிற் பெரிய படகொன்று கூப்பிடு தூரத்தில் அவரைக் கடந்து சென்றது. அவர் கூவிய குரல் அப்படகின் இயந்திர ஓசையில் அமிழ்ந்தது. மறுநாள் நண்பகலிற் கல்லாற்றுக்கு நேரே வலை விட்டிருந்த படகினர் அவரைக் கண்டு கரை சேர்த்தனர். அவ்விரவு முழுவதும் எம் அண்ணியார் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தார், யாமும் உடனிருந்தோம். கடலில் ஒருவர் கூவுகின்றார். கரையில் ஒருவர் செவியைத் தீட்டிக்கொண்டிருக்கின்றார். இருவர்க்கும் இடையில் இருப்பது வெறுங் காற்றும் நீருமே. ஆயினும் அன்று ஒரு சொல்லேனும் இப்பால் வந்து சேரவில்லை.

தமையனார் 2019 ஆம் ஆண்டு நோயுற்றுக் காலமானார். தோணி கரையிற் கிடந்தது. 2022 ஆம் ஆண்டு நாட்டில் எரிபொருட்பஞ்சம் நேர்ந்தது. மண்ணெண்ணெய்க்குத் தொழிலாளர் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. இயந்திரத்தை நம்பியிருந்த துறைகளிலெல்லாம் பழைய பாய்களைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. தமையனார் மகன், நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியவன், தந்தையின் 18 அடித் தோணிக்குப் புதிய பாய்மரம் நாட்டினான். வாவியில் ஓராண்டு பழகியபின் கடலுக்குச் செல்ல விடை கேட்டான். அண்ணியார் தடை சொல்லவில்லை; ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். “கடலிலிருந்து பேசுவதற்கு ஒரு கருவி உன் தோணியில் ஏறும்வரை நீ முகத்துவாரத்தைக் கடக்கக் கூடாது” என்றார். அக்கருவியைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு, வீட்டிற் படித்தவர் என்னும் காரணத்தால், எம்மிடம் வந்து சேர்ந்தது.

கடைகளிலும் விளம்பரத் தாள்களிலும் யாம் முதலிற் கண்டவை எண்களே. இது 5 உவாற்று, அது 25 உவாற்று. இதற்கு இத்தனை அலைவரிசை, அதற்கு அத்தனை. இது நீரில் மிதக்கும், அது மிதக்காது என்று அவை நீண்டன. எண் பெரிதாயிற் கருவியும் சிறந்தது என்று கொள்ளும் மயக்கம் எவர்க்கும் எளிதில் உண்டாகும். ஆகவே, எந்தக் கருவி என்று ஆராயுமுன், எவ்வகைக் கருவி என்று வகுத்துக்கொள்ளுதல் முறையெனக் கண்டோம்.

கடலிற் செல்வோர் கையாளும் கருவிகள் நால்வகையின. முதலாவது கைத்தொலைபேசி. கரையோரக் கோபுரம் எட்டுமளவும் அது பயன்படும். ஆயினும் அது ஒருவரோடு ஒருவர் பேசுங் கருவி; எண் தெரிந்தவரையே அழைக்க இயலும். அருகிற் செல்லும் படகில் இருப்பவர் எண்ணை ஆபத்து வேளையில் எவ்வாறு அறிவது? இரண்டாவது, பல நாட்கலங்களில் உள்ள குற்றலை வானொலி. அதன் அலைகள் வானின் மேற்படையிற் பட்டுத் திரும்புவதால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லும். நீண்ட கம்பியும் பெரிய மின்கலமும் அதற்கு வேண்டும். 18 அடித் தோணிக்கு அஃது ஒவ்வாது. மூன்றாவது, 406 மெகாஹேட்சு மீடிறனிற் செய்மதிக்கு அபாயக்குறி அனுப்பும் சிறு கருவி. உலகின் எம்மூலையிலிருந்தும் அதன் குறி செல்லும். ஆனால் அதில் உரையாடல் இல்லை, விலையும் பெரிது. நான்காவது, வீ.எச்.எப். எனப்படும் கடல் வானொலி. உலகக் கப்பல்கள் யாவும் இதனைக் கொண்டுள்ளன. இதன் 16 ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹேட்சு, அழைப்புக்கும் அபாயத்துக்கும் என உலகெங்கும் ஒதுக்கப்பெற்றது. அதிற் பேசும் ஒருவர் குரலை, எட்டுந் தூரத்தில் அவ்வலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் அனைவரும் ஒருங்கே கேட்பர். சிறு தோணிக்கு உரியது இந்நான்காவது வகையே என்று தெளிந்தோம்.

இனி, இது எத்துணைத் தூரம் எட்டும் என்பது வினா. வீ.எச்.எப். அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. நிலவுலகு உருண்டையாதலின், அடிவானத்துக்குக் கீழே மறைந்தவரை அது சென்றடையாது. ஆகவே தூரத்தை முதலில் வரையறுப்பது கருவியின் வலுவன்று, அலைவாங்கியின் உயரமே. இதற்கு எளிய கணக்கொன்றுண்டு. உயரத்தை மீற்றரிற் கொண்டு அதன் வர்க்கமூலத்தை நாலாற் பெருக்கினால், அவ்வலைவாங்கியின் அடிவானம் ஏறத்தாழ இத்தனை கிலோமீற்றர் என்று கிடைக்கும். பேசுவோர், கேட்போர் இருவர்க்கும் தனித்தனியே கணித்துக் கூட்டுதல் வேண்டும். தோணியில் அமர்ந்து நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் உயரத்திற் கருவியைப் பிடிப்பவனுக்கு 4 கிலோமீற்றர். மற்றொரு தோணியில் அவ்வாறே இருப்பவனுக்கும் 4. ஆக, இருவரும் 8 கிலோமீற்றருக்குள் பேசலாம். அதே தோணிக்காரனைக் கேட்பவர் கரையில் 9 மீற்றர் உயரத்தில் அலைவாங்கி நாட்டியிருந்தால், அவர் பங்கு 12 கிலோமீற்றர். இரண்டுங் கூட 16 ஆகும். தோணியில் ஒன்றையும் மாற்றாமல், கேட்பவர் உயர்ந்த அளவிலேயே தூரம் இரட்டித்தது காண்க. 5 உவாற்றுக் கருவிக்குப் பதிலாக 25 உவாற்றுக் கருவியைத் தோணியில் வைத்தாற் குரல் தெளிவுறும். அடிவானம் ஒரு முழமேனும் விலகாது. இக்கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவர் எவரும் தாமே போட்டுப் பார்க்கலாம்.

பொருத்திவைக்கும் கருவியா, கையிற் பிடிக்கும் கருவியா என்பது அடுத்த ஆராய்ச்சி. பொருத்திவைக்குங் கருவி 25 உவாற்று வரை வலுவுடையது. பேசும்பொழுது 12 உவோற்று மின்கலத்திலிருந்து 5 அம்பியர் அளவில் மின்னை உண்ணும். பாய்மர நுனியில் அலைவாங்கி நாட்டினால் உயரமுங் கிடைக்கும். கப்பற்றட்டும் அறையும் உள்ள பாய்ப்படகுக்கு இதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. எம் தோணியோ திறந்த தோணி. மின்கலத்தை உலர்வாய் வைக்க இடமில்லை. அலைவாங்கிக்கும் கருவிக்கும் இடையில் ஓடும் மெல்லிய வடம் 15 மீற்றர் நீண்டால், வலுவில் ஏறத்தாழப் பாதி வடத்திலேயே கரைந்துவிடும். இணைப்பில் உப்புநீர் புகுந்தால் எஞ்சியதும் போய்விடும். இன்னொரு நுட்பமும் உண்டு. அலையைக் கிடையாகக் குவித்துத் தொலைவுக்கு அனுப்புவதெனப் புகழப்படும் நெடிய அலைவாங்கி, நிமிர்ந்து செல்லும் இயந்திரப் படகுக்கு ஏற்றது. பாய்த்தோணி காற்றிற் சாய்வது இயல்பு. சாயுங்கால் அக்குவிந்த அலை ஒருபுறம் வானையும் மறுபுறம் நீரையும் நோக்கும். ஆதலின் பாய்க்கலத்துக்குக் குட்டையான அலைவாங்கியே உகந்தது.

கைக்கருவிக்குக் குறை உண்டு. வலு 5 அல்லது 6 உவாற்றே, மின்கலமும் ஒரு நாளைக்கே போதும். நிறையும் உண்டு. தோணி கவிழ்ந்தாலும் அது மனிதனோடு இருக்கும். சட்டையிற் கட்டப்பட்ட கருவி முறிந்த பாய்மரத்தோடு போகாது. ஒரு மீற்றர் நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதுறாத தரத்துக்கு ஐ.பீ.எக்ஸ்.7 என்று குறியிட்டிருப்பர்; அக்குறியைப் பார்த்தே வாங்குதல் வேண்டும். மிதக்கும் கருவியாயின் மேலும் நன்று. கடையில் வாங்கும் சாதாரண மின்கலங்களை இட்டுப் பேசுதற்கேற்ற மாற்றுப் பெட்டி கிடைக்குமாயின் அதனையும் கேட்டு வாங்குக. ஈரக் கையாலும் இருளிலும் 16 ஆம் அலைவரிசைப் பொத்தானைத் தடவி அறிய முடிகின்றதா என்பதைக் கண்ணை மூடிச் சோதித்துக் கொள்க.

இவ்வளவையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு போய் அண்ணியாருக்கு விளக்கினோம். பொறுமையோடு கேட்டிருந்த அவர், ஈற்றில் ஒன்றே வினாவினார். “தம்பி, இவ்வளவும் சரி. இவன் கடலிலிருந்து கூப்பிட்டால் அதைக் கேட்பவர் யார்?”

விளம்பரத் தாள்களில் அவ்வினாவுக்கு விடையில்லை. வானொலியின் வரலாற்றைப் புரட்டினால், கடலோடிகள் பேரிழப்புகளின் வழியாகவே இவ்வினாவைக் கற்றுக்கொண்டனர் என்பது புலனாகும். 1912 ஆம் ஆண்டு ஏப்ரில் 14 ஆம் நாள் இரவு ரைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபொழுது, அதன் கருவி அக்காலத்தில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. கலிபோர்ணியன் என்னும் கப்பல் பனியில் வழிமறிக்கப்பெற்று அதற்கு அண்மையிலேயே நின்றது. அதில் இருந்த ஒரே வானொலியாளர், நாள்முழுதும் உழைத்த களைப்பில், மோதல் நிகழ்வதற்குச் சில நிமிடம் முன்னரே கருவியை நிறுத்தி உறங்கச் சென்றிருந்தார். குரலைக் கேட்டு வந்தது ஏறத்தாழ 58 கடல்மைல் தொலைவிலிருந்த கார்ப்பேதியா என்னும் கப்பல். அது விடியற்காலையில் 700 பேரளவினரையே மீட்க முடிந்தது. 1,500 அளவினர் மாண்டனர். அதன் பின்னர், 1914 ஆம் ஆண்டு இலண்டனில் நிறைவேறிய கடலுயிர்க்காப்பு ஒப்பந்தம், குறித்த பெருங் கப்பல்களில் இரவும் பகலும் இடைவிடாது ஒருவர் செவிமடுத்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. கருவியைப் பெரிதாக்குக என்பதன்று அவ்வாணையின் கருத்து. கேட்பவரை விழித்திருக்கச் செய்க என்பதே.

பின்னும் ஒரு வழக்கம் எழுந்தது. கப்பல் வானொலி அறைகளின் கடிகாரத்தில் மும்மூன்று நிமிடங்கள் வண்ணந் தீட்டிக் குறிக்கப்பெற்றிருந்தன. பேச்சு வானொலியின் அபாய மீடிறனில் ஒவ்வொரு மணியும் அரைமணியும் தொடங்கும் முதல் மூன்று நிமிடங்களில் எவரும் பேசலாகாது. அனைவரும் வாளாவிருந்து, மெலிந்த குரல் ஏதேனும் கேட்கின்றதா என்று உற்றுக் கேட்டல் வேண்டும். உலகக் கடல்கள் முழுவதும் மணிக்கிருமுறை மௌனம் காத்த அம்முறை, செய்மதியும் தானியங்கிக் கருவிகளும் வந்தபின், 1999 ஆம் ஆண்டளவில் நீங்கியது. எம் உள்ளத்தைத் தொட்ட கடல்வழக்கம் இதனினும் வேறில்லை.

நம் கடலிலேயும் சான்று உண்டு. 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆம் நாள், ஏர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் யப்பானிய விமானங்களால் தாக்குண்டு அமிழ்ந்தது. மாலுமியர் 307 பேர் மாண்டனர். வானொலிக்கு அக்கப்பலிற் குறைவில்லை. காக்க வந்த போர்விமானங்களோ அது மூழ்கிய பின்னரே வந்தன. 590 அளவினரை நீரிலிருந்து எடுத்தது, அருகிற் சென்றுகொண்டிருந்த வீற்றா என்னும் மருத்துவக் கப்பல். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் காலை 7 மணியளவிற் சுமாத்திராவுக்கு அப்பாற் கடல்நிலம் அதிர்ந்தது. நாவலடியையும் கல்லடியையும் ஆழிப்பேரலை அடைந்தது ஒன்றரை மணி நேரத்துக்கும் பின்னர். அதிர்வை அறிந்த நிலையங்கள் உலகில் இருந்தன. அறிந்ததை நம் கரைக்குச் சொல்லவும், சொல்லியதைக் கேட்கவும் அன்று முறையொன்றும் அமைந்திருக்கவில்லை. சொல்லுவோனும் கேட்போனும் ஒரே வேளையில் ஆயத்தமாக இல்லாவிடிற் கருவி இருந்தும் இல்லாததே.

ஆகவே அண்ணியாரின் வினாவையே கையிலேந்திக்கொண்டு துறையெங்கும் சென்றோம். கடற்றொழிலாளரிடம் கேட்டோம், படகுகளை நேரிற் பார்த்தோம். சிறு படகுகளுட் பெரும்பாலானவற்றில் இருந்தது கைத்தொலைபேசியே. அப்பாற் செல்லும் பெருங் கப்பல்கள் 16 ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும். ஆயின் அவை எந்நேரமும் அருகில் இரா. இக்காலத்துக் கைக்கருவிகள் சிலவற்றில் டீ.எஸ்.சீ. என்னும் வசதி உண்டு. மூடியைத் திறந்து செந்நிறப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்தினால், கலத்தின் ஒன்பதிலக்க எண்ணும் செய்மதி காட்டும் இடமும் 70 ஆம் அலைவரிசையில் தாமே செல்லும். அவ்வெண்ணின் முதல் மூவிலக்கம் நாட்டைக் குறிப்பது, இலங்கைக்கு 417. வியத்தகு வசதிதான். ஆயினும் அக்குறியைக் கேட்டு மணியொலிப்பது அதேவகைக் கருவி உள்ள இடத்தில் மட்டுமே. நுட்பம் எத்துணை வளர்ந்தாலும் அண்ணியாரின் வினா அகலவில்லை.

கேட்பவர் இல்லையெனிற் கேட்பவரை நாமே ஆக்கிக்கொள்ளல் வேண்டும் என்னும் முடிபுக்கு வந்தோம். ஒரே துறையிலிருந்து கடலுக்குச் செல்லும் மூன்று குடும்பத்தினரை அழைத்துப் பேசினோம். ஒருவர் பெருங் கருவி வாங்கும் பணத்தை மூவரும் பகிர்ந்து, ஒரே வகைக் கைக்கருவிகள் மூன்று வாங்குவது. கரையில் ஒரு கருவி வைத்து அதற்கு மட்டும் 9 மீற்றர் உயர இரும்புக் குழாயில் அலைவாங்கி நாட்டுவது என்று உடன்பட்டோம். தோணி செல்வது 10 அல்லது 12 கிலோமீற்றர் தொலைவுக்கே. முன்னர்க் கூறிய கணக்கின்படி 16 கிலோமீற்றர் எட்டுமாகையால், அலைமேடு மறைக்கும் வேளைக்கும் சிறிது இடமுண்டு.

ஈண்டு இளைஞர்க்கு ஒன்று வற்புறுத்திச் சொல்லுதல் எம் கடன். வானொலி அலை பொதுச் சொத்து. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இன்றி ஒலிபரப்புங் கருவியை வைத்திருத்தலும் இயக்குதலும் சட்டத்துக்கு மாறானவை. கரைநிலையத்துக்கும் தோணிகளுக்கும் உரிமம் கோரி விண்ணப்பித்தோம். அது கைக்கு வரும்வரை கருவிகள் பெட்டியினுள்ளேயே இருந்தன. தமையனார் மகனும் அதுவரை வாவியிலேயே தொழில் செய்தான்.

காத்திருந்த மாதங்கள் வீண்போகவில்லை. அம்மாதங்களிலேதான் எம் தமிழுக்கு வேலை வந்தது. ஆபத்து வேளையில் வாய்க்கு வருவது அழுகையும் அலறலுமே. கருவியின் பொத்தானை அழுத்திப் பேசுங்கால் மறுமுனைப் பேச்சு நமக்குக் கேளாது. ஆதலின் ஒரு மூச்சில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, பொத்தானை விட்டுச் செவிமடுத்தல் வேண்டும். நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து என வகுத்தவற்றை வகுப்பில் யாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். குன்றக் கூறலும், மிகைபடக் கூறலும், மற்றொன்று விரித்தலும் கடலில் உயிருக்கே குற்றமாதலை இப்பயிற்சியிற் கண்டோம். ஒன்று மட்டும் விலக்கு. ‘கூறியது கூறல்’ நூலிற் குற்றம். வானொலியில் அதுவே குணம். ‘மேடே’ என்னும் அபாயச் சொல் மும்முறை கூறப்படும். கலத்தின் பெயரும் மும்முறை கூறப்படும். அச்சொல் 1920 களில் இலண்டனைச் சார்ந்த குரொய்டன் வானூர்தி நிலையத்தில், ‘எனக்கு உதவுக’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலிகொண்டு ஆக்கப்பெற்று, 1927 ஆம் ஆண்டு உலக வானொலி ஒப்பந்தத்தில் ஏற்கப்பெற்றது. இரைச்சலுக்கிடையிலும் திரியாமற் கேட்குஞ் சொல் எது என்று ஒருவர் அமர்ந்து சிந்தித்ததன் பயன் அது.

யாரென்பது, எங்கென்பது, என்ன இடரென்பது, எத்தனை பேரென்பது, என்ன வேண்டுமென்பது என ஐந்தாக வகுத்து, ஐந்து வரியில் ஒரு வாசகம் எழுதினோம். “மேடே, மேடே, மேடே. தோணியின் பெயர் மும்முறை. வெளிச்சவீட்டுக்கு நேர்கிழக்கே 8 கிலோமீற்றர். பாய்மரம் முறிந்தது, தெற்கே இழுபடுகின்றோம். இருவர் உள்ளோம். இழுத்துவரப் படகு வேண்டும். சொல்லி முடித்தோம்.” கரையினரும் கடலினரும் இதனை மனனஞ் செய்தனர். இடத்தைச் சொல்லும் வரியே அனைவர்க்கும் கடினமாயிருந்தது. ‘அங்கே’, ‘அந்தப் பக்கம்’ என்னும் சுட்டுச்சொற்கள் நேரிற் பேசுவோர்க்கே உதவும். காணாதவனுக்குச் சுட்டு வழிகாட்டாது. வெளிச்சவீடு, கல்லடிப் பாலம், தெளிந்த நாளில் மேற்கே தோன்றும் குடும்பிமலை முதலிய நிலைக்குறிகளைத் திசையோடும் தூரத்தோடும் கூறப் பயின்றனர். அதே வாசகத்தைச் சிங்களத்திலும் இளைஞர் கற்றுக்கொண்டனர். கடலிற் கேட்பவன் எம்மொழியினன் என்று எவரும் முன்னறியார்.

கரைக்கருவியின் முன் அமர்பவர் எம் அண்ணியாரே. தோணிகள் வெளியே இருக்கும் நாளெல்லாம் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் மூன்று நிமிடம் அவர் வீட்டில் வானொலிப் பாட்டில்லை, பேச்சில்லை. பழைய கப்பல் வழக்கத்தை யாம் கதையாகச் சொன்னோம். அவர் அதனை வீட்டு முறையாக்கிக்கொண்டார். உரிமம் கிடைத்தபின் முதன்முறையாகத் தோணி முகத்துவாரத்தைக் கடந்த நாளில், கிழக்கே 7 கிலோமீற்றரிலிருந்து மகன் தன் பெயரும் இடமும் கூறினான். கேட்ட அண்ணியார் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பின்னர்ப் பொத்தானை அழுத்தி, “கேட்கிறது மகன்” என்ற இரு சொல்லே சொன்னார். அதற்குமேற் கூறியிருந்தால் மிகைபடக் கூறலே ஆகியிருக்கும்.

இக்கட்டுரையைப் படித்துக் கருவி வாங்க விரும்பும் அன்பர்க்கு எம் கருத்தின் சுருக்கம் இது. திறந்த தோணிக்கு நீர் புகாத, மிதக்கும் கைக்கருவி போதும். தட்டும் மின்கலமும் உள்ள படகுக்குப் பொருத்தும் கருவியும் பாய்மர நுனியிற் குட்டை அலைவாங்கியும் நன்று. இரண்டுக்கும் உரிமம் இன்றியமையாதது. பணத்திற் சிறுபகுதி மிஞ்சினால், அதனைப் பேசுவோன் வலுவுக்கன்று, கேட்போன் உயரத்துக்குச் செலவிடுக. எல்லாவற்றுக்கும் முன்னதாக, விலை கேட்குமுன், கேட்பவர் யார் என்று கேட்டுக்கொள்க.

வாவிக்கரையிற் பிறந்த நமக்குக் கேட்டல் புதிய கலையன்று. நிறைமதி நாளிரவிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒருமுனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையிற் செவிவைத்து மீன்பாட்டைக் கேட்கும் வழக்கமுடையோர் நம் முன்னோர். இசையின் அளவுகளை எண்ணாற் கணித்து 1947 ஆம் ஆண்டு யாழ்நூலை உலகுக்கு அளித்த விபுலாநந்த அடிகளும் இம்மட்டக்களப்பு நாட்டவரே. பாட்டுக்குத் தந்த அச்செவியைக் கடலிற் கூவுங் குரலுக்கும் தருதல் நமக்கு ஆகாததொன்றன்று. பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் உளது. கரையோரத் துறைகளில் உயர்ந்த அலைவாங்கியோடு கூடிய கேட்குநிலையங்கள் சில, முறையான உரிமத்தோடும், முறைவைத்து விழித்திருக்கும் இளைஞரோடும் அமையுமாயின், அவற்றின் செலவு ஒரு விழாப் பந்தரின் செலவுக்கு மேற்படாது. மின்னியல் கற்ற பழைய மாணவர் அலைவாங்கி நாட்டட்டும். சட்டங் கற்றவர் உரிமம் பெற்றுத் தரட்டும். கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் செவிமடுக்கட்டும். ஐந்து வரி வாசகத்தைப் பிழையறச் சொல்லப் பயிற்றும் பணியைத் தமிழாசிரியராகிய யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.